எட்டாயிரம் அடி நடந்தும் தூக்கம் வரவில்லை

வணக்கம் மேடம். வயது 61. மயிலாப்பூர். ஓய்வு பெற்று ஒன்றரை வருடம் ஆகிறது. மனம் நன்றாக இருக்க என்னென்ன செய்யச் சொல்கிறார்களோ அத்தனையும் செய்கிறேன். விடிந்ததும் நாகேஸ்வர ராவ் பூங்காவில் நடை, வாட்ச்சில் 8,000 அடி காட்டினால்தான் வீடு. இருபது நிமிடம் மூச்சுப் பயிற்சி. இரவு ஒன்பதுக்கு போனை அணைத்துவிடுவேன். அன்று நடந்த மூன்று நல்ல விஷயங்களை நோட்டில் எழுதுகிறேன். அப்படியும் ராத்திரி மூன்று மணிக்கு முழிப்பு வந்துவிடுகிறது.

வீட்டில் ஒத்துழைப்பே இல்லை. மனைவி பத்து மணி வரை சீரியல், அப்புறம் திருச்சியில் இருக்கும் அக்காவோடு போன். நடக்கக் கூப்பிட்டால் "எனக்கு முட்டி வலி, நீங்க போய்ட்டு வாங்க" என்பாள். படுத்ததும் குறட்டை. நான் விட்டத்தைப் பார்த்துக்கொண்டு கிடக்கிறேன். ஒரு கட்டுப்பாடும் இல்லாத அவளுக்குத் தூக்கம் வருகிறது, இத்தனை செய்கிற எனக்கு வரவில்லை. இது என்ன நியாயம்? மகனிடம் சொன்னால், "அப்பா, மீட்டிங்ல இருக்கேன்."

டீயைக்கூட விட்டுவிட்டேன். லஸ் கார்னர் பக்கம் ஒரு கடையில் மாலை டீ என்பது 22 வருடப் பழக்கம். கூட வரும் ஆபீஸ் நண்பரோடு ஒரு கொடுக்கல் வாங்கலில் (40,000 ரூபாய்தான்) பேச்சு நின்றதிலிருந்து அங்கே போவதில்லை. போன மாதம் அவருக்குப் பக்கவாதம் வந்து இடது கை விழுந்துவிட்டதாகக் கேள்வி. போனால் பணம் கேட்க வந்ததாக நினைப்பார் என்று போகவில்லை. அது கிடக்கட்டும். நடையை மாலைக்கு மாற்றலாமா? வீட்டில் டிவியை ஒன்பதுக்கு நிறுத்த வைப்பது எப்படி?

*

வணக்கம் சார். நண்பரைப் பற்றி நான்கைந்து வரி எழுதி, "அது கிடக்கட்டும்" என்று மூடிவிட்டீர்கள். கிடக்க வேண்டாம், எடுத்துப் பார்ப்போம்.

மூன்று மணி முழிப்பு எப்போது தொடங்கியது என்று நீங்கள் எழுதவில்லை. பக்கவாதச் செய்தி காதில் விழுந்த நாளையும் அதையும் சேர்த்துக் காலண்டரில் பாருங்கள்.

22 வருடமாக ஆபீஸ் எரிச்சல், மகன் படிப்பு, அரசியல் எல்லாவற்றையும் அந்தக் கடை வாசலில் ஒருவரிடம் கொட்டிவிட்டு வீட்டுக்குப் போயிருக்கிறீர்கள். உங்களிடம் இருந்த பெரிய மனநலப் பழக்கமே அதுதான். அதை விட்டுவிட்டு, அந்த இடத்தில் தனியாகச் செய்கிறவற்றை வரிசையாக அடுக்கியிருக்கிறீர்கள். நடப்பது நல்லதுதான். (தினமும் பத்தாயிரம் அடி நடக்க வேண்டும் என்று பலரும் சொல்லும் கணக்கே 1960களில் ஜப்பானில் விற்ற ஓர் அடி எண்ணும் கருவியின் பெயரிலிருந்து வந்தது. வாரத்துக்கு 150 நிமிடம் கொஞ்சம் வேகமாக நடந்தால் போதும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நீங்கள் அதை எப்போதோ தாண்டிவிட்டீர்கள்.) ஆனால் பூங்கா லஸ் சர்ச் ரோட்டில்தானே இருக்கிறது? தினமும் எட்டாயிரம் அடி நடப்பவருக்கு அந்தக் கடை மட்டும் எட்டாத தூரமாகிவிட்டது.

மனைவிக்குத் தூக்கம் வருவதில் எனக்கு அநியாயம் எதுவும் தெரியவில்லை. ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டுப் பேச அவருக்கு ஓர் அக்கா இருக்கிறார். உங்கள் எரிச்சல் சீரியல் மேல்தானா என்று எனக்குச் சந்தேகம். டிவியை நிறுத்த வழி கேட்டீர்கள், சொல்ல மாட்டேன். ஒருநாள் பக்கத்தில் உட்கார்ந்து பாருங்கள்.

பணம் கேட்க வந்ததாக அவர் நினைக்கலாம். நினைக்கட்டுமே. அவர் சங்கடப்படுவாரே என்று நீங்கள் ஒதுங்கியிருப்பதாக எழுதுகிறீர்கள், எனக்கென்னவோ அதில் பாதி வீம்பு என்று படுகிறது. பக்கவாதம் வந்தவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வும் சேர்ந்துகொள்கிறது. பிசியோதெரபிகூட வேண்டாமென்று சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிடுவார்கள். இந்த நேரத்தில் பழைய முகம் ஒன்று வந்து கட்டில் ஓரம் உட்கார்ந்தால் அது அவருக்கு எவ்வளவு என்பது, உங்கள் மூன்று மணிக்கு உங்களுக்கே தெரிந்திருக்கும்.

போய் வாங்கள். பணப் பேச்சை வாசலிலேயே "அதுக்காக வரலப்பா" என்று முடித்துவிடுங்கள். பேச்சு குழறினால் நீங்கள் எடுத்துக்கொடுக்க வேண்டாம், அவர் சொல்லி முடிக்கட்டும். முதல் நாள் இருபது நிமிடம் போதும்.

தூக்கத்துக்கு இரண்டே விஷயம். மூன்று மணிக்கு முழித்தால் கடிகாரத்தைப் பார்க்காதீர்கள். புரண்டுகொண்டிருக்காமல் எழுந்து ஹாலில் மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள், கண் சொக்கினால் வந்து படுங்கள். இந்த முழிப்போடு எதிலும் பிடிப்பில்லாமல் இரண்டு வாரம் போயிருந்தால் மனநல மருத்துவரைப் பார்க்க வேண்டும். அதற்கு முன் யாரிடமாவது பேசத் தோன்றினால் அரசின் மனநல உதவித் தொலைபேசி டெலி மானஸ், எண் 14416. கட்டணமில்லை, எந்நேரமும் தமிழில் பேசலாம்.

நண்பரைப் பார்க்கப் போகும்போது ஃபிளாஸ்க்கில் டீ கொண்டுபோகத் தோன்றும். வீட்டாரிடம் கேட்டுவிட்டுக் கொடுங்கள். பக்கவாதத்துக்குப் பிறகு சிலருக்கு விழுங்கும்போது புரையேறும்.