அறை வெப்பநிலை – கடிதம்

அன்புள்ள ஐயா,

நான் கரிம வேதியியலில் மூன்றாம் ஆண்டு ஆய்வு மாணவி. ஒரு ரியாக்‌ஷனை ஒன்பது முறை போட்டுவிட்டேன். நான் பின்பற்றும் ஆய்வுப் பேப்பரில் யீல்டு, அதாவது கிடைக்கும் விளைபொருளின் அளவு, 92 சதவீதம். எனக்கு 30-ஐத் தாண்டவில்லை. லேபில் ‘உனக்குக் கைராசி இல்லை’ என்கிறார்கள். அதுதான் உண்மையோ என்று எனக்கும் தோன்றுகிறது. எங்கள் நூலகத்தில் ஹூபன்-வைல் என்ற கரிம வேதியியல் செய்முறைத் தொகுதிகள் அலமாரி நிறைய இருக்கின்றன, பெரும்பாலும் ஜெர்மனில். ரியாக்ஸிஸ் என்ற வேதியியல் தரவுத்தளத்தில் நொடியில் தேடிவிடும் காலத்தில் அவற்றைப் புரட்டுவது வீண்தானே? ஜெர்மன் கற்க வேண்டுமா?

எஸ்.

அன்புள்ள எஸ்,

ஜெர்மன் வேண்டாம். 2000 முதல் அதே வரிசை ‘சயன்ஸ் ஆஃப் சிந்தசிஸ்’ என்ற பெயரில் ஆங்கிலத்தில் வருகிறது. பழைய தொகுதிகளுக்கு ஓர் அகராதி போதும். வீண்தானே என்று கேட்டீர்களே, ரியாக்ஸிஸ் எழுந்து நிற்பதே பெய்ல்ஷ்டைன் போன்ற பழைய ஜெர்மன் வேதியியல் தொகுப்புகளின் மேல்தான். எதன் மேல் நிற்கிறோம் என்று பார்க்காமல் அதை வீண் என்று சொல்லாதீர்கள்.

உங்கள் கடிதத்தில் என்னைத் தூங்கவிடாமல் செய்தது கைராசி என்ற சொல். படித்த பெண், மூன்று வருடம் ஆய்வகத்தில் புகை உறிஞ்சும் ஃபியூம் ஹூட் முன்னால் நின்றவர், அதை நம்பி எனக்கு எழுதலாமா? கோபமாக வருகிறது. அதே சொல்லை எனக்கும் சொன்னார்கள் என்பதால் கோபம் இன்னும் கூடுகிறது.

எழுத வருவதற்கு முன் நானும் சென்னையில் ஓர் ஆய்வகத்தில் இருந்தேன். ஏசி கிடையாது. நான் பின்பற்றிய பேப்பரில் ‘அறை வெப்பநிலையில் நான்கு மணி நேரம் கலக்கவும்’ என்று இருந்தது. கலக்கினேன். படிகம் வரவேண்டிய இடத்தில் பழுப்பு எண்ணெய் வந்தது. நான்கு மாதம் அதே எண்ணெய். யாருடைய அறை என்று எனக்குக் கேட்கத் தோன்றவில்லை. எழுதியவரின் அறை ஐரோப்பாவில், 20 டிகிரி. என் அறை மே மாதம், 36. ஆய்வகத்தில் கரைப்பானாகப் பயன்படும் டைஎத்தில் ஈதர் கொதிப்பதே 34.6-ல். என் மேசையில் ஈதர் புட்டியைத் திறந்தாலே குமிழ் விடும். அந்த அறையில் உட்கார்ந்துகொண்டு என் கையை நொந்துகொண்டேன்.

என்னைக் காப்பாற்றியது ‘ஆர்கானிக் சிந்தசஸ்’ என்ற செய்முறைத் தொகுப்பு. முதல் உலகப் போரில் ஜெர்மனியிலிருந்து ரசாயனங்கள் வருவது நின்றபோது, அமெரிக்காவின் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் மாணவர்களை வைத்துத் தாங்களே தயாரிக்கத் தொடங்கினார்கள். அந்தச் செய்முறைகளிலிருந்து வேதியியலாளர் ராஜர் ஆடம்ஸ் முதலானோர் 1921-ல் முதல் தொகுதியைக் கொண்டுவந்தார்கள். அதில் ஒரு விதி உண்டு, இன்றும் மாறவில்லை. யார் செய்முறை அனுப்பினாலும், ஆசிரியர் குழுவில் ஒருவரின் ஆய்வகத்தில் அதை மறுபடி செய்து பார்ப்பார்கள். வந்தால்தான் அச்சு. செய்தவர் பெயருக்குக் கீழே சரிபார்த்தவர் பெயரும் வரும்.

மறுபடி செய்கிறவருக்கு எழுதியவரின் பழக்கம் தெரியாது. அவர் தடுக்கி விழும் இடமெல்லாம் குறிப்பாகிறது. அதனால்தான் பல செய்முறைகளில் குறிப்புகள் செய்முறையைவிட நீளம். டயஸோமீத்தேன் என்ற வாயுவுக்குத் தேய்த்த கண்ணாடி இணைப்புகள் ஆகாது, கீறல் விழுந்த குடுவை ஆகாது, வெடிக்கும் என்பதை அங்கேதான் படித்தேன். என் ரியாக்‌ஷனின் சகோதரி ஒன்றும் அங்கே இருந்தது. குடுவைக்குள் வெப்பம் 20-ஐத் தாண்டினால் விளைபொருள் மேற்கொண்டு வினைப்பட்டுப் போய்விடும் என்று ஒரு குறிப்பு, ஒரே வரி. ஐஸ் பாத் வைத்தேன். அன்று சாயங்காலம் வெள்ளைப் படிகம். அந்தக் குடுவையைக் கையில் வைத்துக்கொண்டு வராந்தாவில் வெகுநேரம் நின்றிருந்தேன்.

ரியாக்ஸிஸ் உங்களுக்கு நூறு வழி காட்டும். அதில் எதை இரண்டாவது ஆள் ஒருவர் செய்து பார்த்தார் என்பதை நீங்கள்தான் தேட வேண்டும். ‘ஆர்கானிக் சிந்தசஸ்’ முழுவதும் இணையத்தில் இலவசம். உங்கள் ரியாக்‌ஷனே அதில் இல்லாவிட்டாலும் அதே வகை இருக்கும். குறிப்புகளிலிருந்து படிக்கத் தொடங்குங்கள்.

எஸ், ஒன்பது முறை போட்டீர்களே, ஒருமுறையாவது தெர்மாமீட்டரைக் குடுவைக்குள் இறக்கினீர்களா? பத்தாவது முறை இறக்குங்கள். எத்தனை டிகிரி காட்டியது என்று எனக்கு எழுதுங்கள்.