சுத்தியலைத் திருப்பிக் கொடுத்தவர்

அன்புள்ள சார்,

சென்ற மாதம் இரவு வேலை பற்றி நீங்கள் எழுதிய கட்டுரையில், போகிற போக்கில் ஒரு வரி வந்தது. அமெரிக்கக் கறுப்பின மக்களின் ப்ளூஸ் இசையில் 1928ல் பதிவான ஒரு இசைத்தட்டைக் கேட்டிருக்காவிட்டால் அந்த வேலையிலேயே கிடந்திருப்பேன் என்று எழுதியிருந்தீர்கள். யார் பாடியது, என்ன பாட்டு, ஒன்றும் சொல்லவில்லை. அப்படியே தாண்டிப் போய்விட்டீர்கள்.

எனக்கு இளையராஜாவும் கொஞ்சம் கர்நாடக இசையும்தான் பழக்கம். உங்கள் வரியைப் படித்துவிட்டு யூடியூபில் பழைய ப்ளூஸ் பாடல்கள் சிலவற்றைத் தேடிக் கேட்டேன். உண்மையைச் சொல்கிறேன், ஒட்டவில்லை. பாதி இரைச்சல். சொற்கள் பிடிபடவில்லை. பிடிபட்ட வரைக்கும் ஒரே புலம்பல். கறுப்பின மக்கள் பட்ட பாடு தெரியும், மதிக்கிறேன். ஆனால் மதிப்பது வேறு, பாட்டு பிடிப்பது வேறு இல்லையா?

ஒரு பாட்டு வாழ்க்கையை மாற்றியது என்பதெல்லாம் எழுத்தாளர்கள் வழக்கமாகச் சொல்லும் மிகை என்றே தோன்றுகிறது. தவறாக நினைக்க வேண்டாம். எங்கிருந்து கேட்கத் தொடங்கலாம் என்றும் சொல்லுங்கள்.

ஒரு வாசகர், தஞ்சாவூர்
(பெயர் வேண்டாம் என்று கேட்டுக்கொண்டிருக்கிறார்)

அன்புள்ள நண்பருக்கு,

மிகைதான். அந்த வேலையை விட்டதற்குச் சம்பளம், கழுத்து வலி, வீட்டில் நடந்துகொண்டிருந்த கல்யாணப் பேச்சு என்று வேறு காரணங்களும் இருந்தன. வரி எடுப்பாக இருக்கட்டும் என்று எல்லாவற்றையும் பாட்டின் தலையில் வைத்துவிட்டேன். ஆனால் வேலையை விட்ட விதம் இருக்கிறதே, அது அந்தப் பாட்டு சொல்லிக்கொடுத்ததுதான்.

பாடியவர் மிசிசிப்பி ஜான் ஹர்ட். 'மிசிசிப்பி' அப்பா அம்மா வைத்த பெயர் இல்லை. தட்டு விற்க வேண்டுமே என்று ஓகே ரெக்கார்ட்ஸ் கம்பெனி ஒட்டியது. அமெரிக்காவின் மிசிசிப்பி மாநிலத்தில், டெல்டா என்கிற சமவெளி முடிந்து மேட்டு நிலம் தொடங்குகிற இடத்தில் அவலான் என்று ஒரு குக்கிராமம். அங்கே வயலில் பாடுபட்டவர். சின்னப் பையனாக இருந்தபோது, வீட்டுக்கு வந்துபோகும் ஒருவரின் கிதாரை எல்லோரும் தூங்கிய பிறகு நைசாக எடுத்து வாசித்துப் பார்ப்பாராம். அப்புறம் அம்மா ஒன்றரை டாலருக்கு ஒரு கிதார் வாங்கிக் கொடுத்தார். குரு என்று யாரும் கிடையாது.

வில்லி நார்மர் என்ற வெள்ளைக்கார ஃபிடில் (வயலின்) கலைஞர் அதே வட்டாரத்துக்காரர். ஓகே கம்பெனியில் பதிவு செய்யும் வாய்ப்பு அவருக்கு வந்தபோது, இவரையும் கேட்டுப் பாருங்கள் என்று ஹர்ட்டைக் கைகாட்டியவர் அவர்தான். இனப் பிரிவினை சட்டமாகவே இருந்த காலம் அது. கம்பெனி இருவர் தட்டுகளையும் தனித்தனி வரிசையில்தான் போட்டு விற்றது. கறுப்பர்களுக்கான வரிசைக்கு 'ரேஸ் ரெக்கார்ட்ஸ்', அதாவது இனத் தட்டுகள் என்றே பெயர்.

1928 பிப்ரவரியில் மெம்ஃபிஸ் நகரில் முதல் பதிவு. அந்த நாளை ஹர்ட் பின்னாளில் சொல்லியிருக்கிறார். பெரிய ஹால், அதில் மொத்தமே மூன்று பேர். நாற்காலியில் உட்காரவைத்து, மைக்கை வாய்க்கு நேராகக் கொண்டுவந்து நிறுத்தி, இனி தலையை அசைக்கவே கூடாது என்றுவிட்டார்கள். பயத்தில் அப்படியே விறைத்துப்போய் உட்கார்ந்து பாடியதில் பல நாள் கழுத்து வலித்ததாம். எட்டுப் பாடல்கள் பதிவாகி, வெளிவந்தவை இரண்டே இரண்டு. அதே ஆண்டு டிசம்பரில் நியூயார்க்குக்கு அழைத்து மேலும் சிலவற்றைப் பதிவு செய்தார்கள். இன்று நமக்குக் கிடைப்பவை எல்லாம் சேர்த்து 13. முழுக்கக் கேட்க 40 நிமிடம் போல ஆகும். அடுத்த ஆண்டு பங்குச் சந்தை சரிந்தது. தட்டு வாங்க யாரிடமும் காசில்லை. கம்பெனி மறுபடி கூப்பிடவில்லை. அவர் பருத்திக் காட்டுக்கும் மாடுகளுக்கும் திரும்பிவிட்டார்.

இரைச்சல் என்றீர்கள். அந்தக் காலத் தட்டுகளில் பிசினாகச் சேர்ந்தது நம் அரக்கு. சோட்டா நாக்பூர் காடுகளில் மரக்கிளையில் பூச்சி கட்டும் அதே அரக்குதான், கப்பலேறிப் போய் உலகம் முழுக்கத் தட்டானது. அதில் கல்பொடியும் கலப்பார்கள். ஊசி அதன்மேல் ஓடும்போது எண்ணெயில் கடுகு பொரிகிற சத்தம் வரத்தான் செய்யும்.

சரி, என் கதைக்கு வருகிறேன்.

2005ல் சென்னையில் மெடிக்கல் டிரான்ஸ்கிரிப்ஷன் வேலையில் இருந்தேன். அமெரிக்க டாக்டர்கள் நோயாளியைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டுக்கொண்டோ காரோட்டிக்கொண்டோ பேசிப் பதிவு செய்த குறிப்புகளை ஹெட்செட்டில் கேட்டு டைப் செய்ய வேண்டும். காலடியில் ஒரு பெடல். மிதித்தால் ஓடும், இன்னொரு பக்கம் மிதித்தால் பின்னால் போகும். வரிக் கணக்கில் சம்பளம். என்ன சொல்கிறார் என்று புரியாத இடத்தில் ஒரு கோடு போட்டு, நிமிடம், விநாடியைக் குறித்துவிட்டு அடுத்த வரிக்குப் போக வேண்டும். கோடு அதிகமானால், தரம் பார்க்கும் க்யூ.ஏ. பிரிவிலிருந்து திட்டு வரும்.

நான் சேர்ந்து ஒரு வருடத்தில் கம்பெனி ஒரு மென்பொருளை இறக்கியது. டாக்டர் பேசுவதை அதுவே கேட்டு எழுதிவிடும், நாம் திருத்தினால் போதும். திருத்துவதற்கு வரிக்குப் பாதிக் காசு. அது எழுதித் தள்ளும் அபத்தங்களைத் திருத்துவதைவிடப் புதிதாக டைப் செய்வது சுலபம் என்பது எங்கள் எல்லோருக்கும் தெரியும். மேலே இருந்தவர்களுக்கு மட்டும் தெரியாது. எனக்கு ரோஷம் வந்துவிட்டது. அந்த மெஷினைவிட நான் வேகம் என்று காட்டிவிடுவது என்று முடிவு செய்தேன். இரண்டு ஷிஃப்ட் உட்கார்ந்தேன். ஒரு நாளைக்கு 1,200 வரி அடித்தேன். மூன்றாவது மாதம் கழுத்தை இடது பக்கம் திருப்ப முடியவில்லை.

அந்தச் சமயத்தில்தான் க்யூ.ஏ.வில் இருந்த ஒருவர் பென் டிரைவில் இந்த 13 பாடல்களைக் கொடுத்தார். அவர் கிதார் வாசிப்பவர். "உன் காதுக்கு இது சரியாக இருக்கும்" என்றார். அமெரிக்க உச்சரிப்பைக் கேட்டுப் பழகிய காது என்ற அர்த்தத்தில் சொன்னார் என்று நினைக்கிறேன்.

முதலில் எனக்கும் சொற்கள் பிடிபடவில்லை. தொழில் புத்தி விடுமா? ஒரு ராத்திரி வேலை குறைவாக இருந்தபோது, பாட்டை டாக்டர் குறிப்பு மாதிரி மென்பொருளில் ஏற்றி, பெடலை மிதித்து மிதித்து டைப் செய்ய ஆரம்பித்தேன். 'ஸ்பைக் டிரைவர் ப்ளூஸ்' என்ற பாட்டு. மூன்றேகால் நிமிடப் பாட்டுக்கு ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. எட்டு இடத்தில் கோடு.

அமெரிக்காவில் ஜான் ஹென்றி கதை தெரியாதவர் குறைவு. மலையைக் குடைந்து ரயில் பாதை போடும்போது, வெடிமருந்து வைக்கப் பாறையில் துளை போட வேண்டும். இரும்பு உளியைப் பாறையில் நிறுத்திச் சம்மட்டியால் அடித்து இறக்கும் தொழிலாளி ஜான் ஹென்றி, கறுப்பர். நீராவியில் ஓடும் துளைப்பான் ஒன்று வருகிறது. அதோடு போட்டி போட்டு ஜெயிக்கிறான். ஜெயித்த கையோடு, சுத்தியலைப் பிடித்தபடியே செத்துப்போகிறான். அவனைப் பற்றி நூற்றுக்கணக்கில் பாட்டு இருக்கிறது. அநேகமாக எல்லாமே வீர வணக்கம்தான்.

ஹர்ட்டின் பாட்டு, ரயில் பாதைக் கூலிகளிடம் அவர் கேட்டுக் கற்றது. இதில் ஜான் ஹென்றி ஏற்கெனவே செத்துவிட்டான். பாடுபவன் அவனுக்குப் பின்னால் வேலைக்கு வந்த இன்னொருவன். ஜான் ஹென்றியைக் கொன்ற சுத்தியல் இது, என்னைக் கொல்லாது என்கிறான். இதை எடுத்துப் போய் மேஸ்திரியிடம் கொடு, நான் போய்விட்டேன் என்று சொல் என்கிறான். ஜான் ஹென்றியின் சுத்தியல் சாலையோரம் கிடக்கிறது, சிவப்புச் சாயம் பூசியது போல. அதனால்தான் கிளம்பிவிட்டேன் என்கிறான். அவ்வளவுதான் பாட்டு. மேஸ்திரியைத் திட்டவில்லை. ஜான் ஹென்றியை முட்டாள் என்று சொல்லவில்லை. கூலி பாக்கியைக்கூடக் கேட்கவில்லை.

இதை எப்படிப் பாடுகிறார் என்பதுதான் விஷயம். திண்ணையில் உட்கார்ந்து, பக்கத்தில் இருப்பவருக்கு மட்டும் கேட்டால் போதும் என்பதைப் போன்ற குரல். சவால் எதுவும் இல்லை. உயிருக்குப் பயந்து ஓடுபவனின் பதற்றமும் இல்லை. கிதார் ஒரே சீராகப் போய்க்கொண்டிருக்கிறது, நடந்து போகிறவனின் காலடி மாதிரி. நான் பெடலிலிருந்து காலை எடுத்துவிட்டுக் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். டீம் லீடர் பின்னால் வந்து நின்று, திரையில் இருந்த வரிகளைப் படித்துவிட்டு "இது எந்த ஹாஸ்பிடல் ஃபைல்?" என்று கேட்டார். அரைநாள் சம்பளம் போயிற்று.

மறுநாளே ராஜினாமா செய்தேன் என்று நினைக்காதீர்கள். எட்டு மாதம் ஆயிற்று. இரண்டு ஷிஃப்ட் உட்காருவதை மட்டும் அந்த வாரமே நிறுத்தினேன். விட முடிவு செய்தபோது, நான்கு பக்கத்துக்கு ஒரு மெயில் எழுதினேன். வரிக்கணக்கு மோசடி, பாதிக் காசு, கழுத்து, எல்லாம் தேதி போட்டு. எழுதி முடித்ததும் உடம்பெல்லாம் சூடாகிவிட்டது. அனுப்பவில்லை. இரண்டு நாள் கழித்து அதை அழித்துவிட்டு இரண்டு வரியில் ஒன்று எழுதி அனுப்பினேன். கடைசி நாள் ஹெட்செட்டைத் துடைத்து, வயரைச் சுருட்டி ஸ்டோர்ஸில் கொடுத்து, நோட்டில் கையெழுத்துப் போட்டுவிட்டு வந்தேன். நியாயமாகப் பார்த்தால் அந்த நான்கு பக்கத்தையும் அனுப்பியிருக்க வேண்டும் என்று சொல்லும் நண்பர்கள் உண்டு. இருக்கலாம். எனக்குப் பின்னால் வந்தவர்களுக்கு அது உதவியிருக்குமோ என்று நானும் யோசித்திருக்கிறேன்.

எழுத்திலும் அந்தக் குரல் வந்து ஒட்டிக்கொண்டது. என் முதல் கதைகளைப் படித்தவர்களுக்குத் தெரியும், பக்கத்துக்குப் பத்து ஆச்சரியக்குறி. இப்போது ஒரு சாவையோ துரோகத்தையோ எழுதும்போது 'லூயிஸ் காலின்ஸ்' நினைவுக்கு வரும். சுட்டுக் கொல்லப்பட்ட ஒருவனைப் பற்றிய பாட்டு அது. அம்மா அழுகிறாள், ஊரார் துக்கத்துக்குச் சிவப்பு உடுத்துகிறார்கள், தேவதைகள் அவனைக் கிடத்திவிட்டார்கள். மெட்டு மட்டும் தாலாட்டு. உங்களுக்குப் புலம்பலாகப் பட்டதற்குக் காரணம், நீங்கள் வேறு யாரையோ கேட்டிருக்கிறீர்கள் என்பதுதான். ஹர்ட்டைக் கறாராகப் பார்த்தால் ப்ளூஸ் பாடகர் என்றுகூடச் சொல்ல முடியாது. கதைப்பாட்டு, தேவாலயப் பாட்டு, இரட்டை அர்த்தப் பாட்டு என்று ஊரில் புழங்கியதை எல்லாம் பாடியவர். அதில் பல, ப்ளூஸுக்கு முந்தைய சரக்கு.

அந்தக் கிதாரைப் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும். வலது கட்டைவிரல் கீழ் ஸ்தாயித் தந்திகள் இரண்டை மாற்றி மாற்றி மீட்டிக்கொண்டே இருக்கும், தவறவே தவறாது. பாட்டின் மெட்டை ஆள்காட்டி விரலும் நடுவிரலும் மேல் தந்திகளில் வாசிக்கும். வீணையில் சுண்டுவிரல் தாளத் தந்திகளைத் தட்டிக்கொண்டிருக்க மற்ற விரல்கள் ராகம் வாசிப்பதைப் பார்த்திருப்பீர்கள், ஏறக்குறைய அது. முதல்முறை கேட்பவர்கள் இரண்டு பேர் வாசிக்கிறார்கள் என்றே நினைப்பார்கள். வேலையை விட்ட பணத்தில் ஒரு கிதார் வாங்கினேன். என் கட்டைவிரல் மற்ற விரல்களைப் பார்த்துப் பார்த்து அதுவும் மெட்டு வாசிக்கக் கிளம்பிவிடும். பாடவும் ஆரம்பித்தால் மூன்றும் குழம்பும். ஒரு பாட்டு உருப்பட இரண்டு வருடம் ஆனது.

ஹர்ட் என்ன ஆனார் என்று கேட்பீர்கள். 1952ல் ஃபோக்வேஸ் கம்பெனி வெளியிட்ட பழைய நாட்டுப்பாடல் தொகுப்பில் அவர் பாட்டு இரண்டு இருந்தது, அதில் ஒன்று இந்த 'ஸ்பைக் டிரைவர்'தான். கேட்ட இளைஞர்கள் பலரும் ஆள் செத்திருப்பார் என்றே நினைத்தார்கள். நியூயார்க் போன இடத்தில் ஊர் நினைவில் அவர் பாடிய 'அவலான் ப்ளூஸ்' டாம் ஹாஸ்கின்ஸ் என்ற இளைஞரின் காதில் விழுந்தது. அவலான் என் சொந்த ஊர், மனதிலேயே இருக்கிறது என்று அதில் ஒரு வரி. புது வரைபடங்களில் அந்த ஊர் இல்லை. பழைய அட்லஸ் ஒன்றில் கண்டுபிடித்து, 1963ல் காரை எடுத்துக்கொண்டு போனார். அந்த ஊர்க் கடையில் விசாரித்தால், மேட்டில் மூன்றாவது தபால் பெட்டி என்று கைகாட்டினார்கள். அங்கே ஹர்ட் இருந்தார். எழுபது வயது, கையில் சொந்தக் கிதார்கூட இல்லை. வந்தவரைப் போலீஸோ எஃப்.பி.ஐ.யோ என்று நினைத்தாராம். அந்த ஆண்டு கோடையிலேயே நியூபோர்ட் இசை விழாவில் பாடினார். மூன்று வருடம் ஓடி ஓடிப் பாடிவிட்டு, 1966 நவம்பரில் மிசிசிப்பியிலேயே இறந்தார்.

முதுமையில் பதிவான தட்டுகளில் ஒலி துல்லியம், கடுகுச் சத்தம் கிடையாது. பலரும் அங்கிருந்து தொடங்கச் சொல்வார்கள். நான் 1928லிருந்தே தொடங்கச் சொல்வேன். முதலில் 'லூயிஸ் காலின்ஸ்', அடுத்து 'அவலான் ப்ளூஸ்', 'ஸ்பைக் டிரைவர்' மூன்றாவதாக. சொற்களைத் துரத்த வேண்டாம், அந்தக் கட்டைவிரலை மட்டும் கேளுங்கள். ஒலியைக் குறைத்தே வையுங்கள். அவர் குரலின் அந்தத் தணிவு, பையனாக இருந்தபோது வீட்டார் விழித்துவிடாமல் வாசித்துப் பழகியதில் வந்தது என்று எனக்கு ஒரு கணக்கு. பக்கத்து அறையில் யாரோ தூங்குகிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அன்புடன்.