பெண் நாய்க்கு ஒரு தடவை குட்டி போட விட்டுத்தான் கருத்தடை ஆபரேஷன் செய்ய வேண்டுமா?

உங்கள் வீட்டிலும் யாரோ பெரியவர் “வாயில்லா ஜீவன், ஒரு ஈத்தாவது பார்க்கட்டும்” என்று சொல்லியிருப்பார். எங்கள் வீட்டில் அதைச் சொன்னவர் மாமியார். நானும் தலையாட்டினேன், அவரை மட்டும் குறை சொல்ல முடியாது.

செவலை, தெருவில் எடுத்து வளர்த்த நாட்டு நாய். மூன்று வயதில் ஐந்து குட்டி போட்டாள். வயிற்றில் இருக்கும்போதே “எனக்கொன்று” என்று சொல்லிவைத்த சொந்தக்காரர்கள், பிறந்ததும் “கடுவனா?” என்றார்கள். கடுவன் இரண்டும் போயின. பெட்டையில் இரண்டைப் பார்வோ என்ற வைரஸ் நோய் கொண்டுபோனது. மிச்சம் ஒன்று எங்களோடு தங்கியது. அப்போதாவது ஆபரேஷன் செய்திருக்கலாம். அதான் ஈன்றுவிட்டாளே, இனி ஒன்றும் வராது என்று விட்டுவிட்டோம்.

ஏழு வயதில், தீட்டு நின்று ஒரு மாதம் இருக்கும். பாதிச் சட்டித் தண்ணீரை மிச்சம் வைப்பவள், மத்தியானத்துக்குள் மூன்று தடவை காலி செய்தாள். வெயில் என்று நினைத்தேன். மறுநாள் அவள் படுக்கிற சாக்கில் மஞ்சளும் சிவப்புமாகச் சீழ். கருப்பையில் சீழ் கட்டியிருக்கிறது, பயோமெட்ரா, இன்றிரவே எடுக்க வேண்டும் என்றார் டாக்டர். எடுத்தது கருத்தடை ஆபரேஷனில் எடுக்கிற அதே கருப்பையும் சினைப்பையும்தான். ஆனால் காய்ச்சலோடு, மயக்க மருந்தைத் தாங்குவாளா என்ற பயத்தோடு. ஒரு ஈத்து அவளை எதிலிருந்தும் காப்பாற்றவில்லை.

அன்றிரவு சென்னையில் நாயை ஏற்ற மூன்று ஆட்டோ மறுத்தது. நான்காவது ஆள் நானூறு கேட்டார். சரி, அது வேறு கதை.

முதல் தீட்டுக்கு முன்பே கருத்தடை செய்துவிட்டால் மார்புக் கட்டி வரும் வாய்ப்பும் வெகுவாகக் குறையும். கடுவனுக்கு விதைகளை எடுத்தால் அங்கே புற்று வர வழியில்லை, பெட்டை வாசனைக்குச் சுவர் தாண்டி ஓடுவதும் பெரும்பாலும் அடங்கும். இணைசேரும்போது தொற்றுகிற கட்டி ஒன்று உண்டு, தெருநாய்களிடம் சகஜம். அந்தப் பயமும் குறையும்.

“இயற்கைக்கு விரோதம்” என்று கீழே எழுத வருகிறவர்களுக்கு: சங்கிலியும் பால் பிஸ்கட்டும் எந்த இயற்கை? எடை கூடும் என்பது உண்மைதான், சோற்றைக் குறைக்க வேண்டும். எல்லா நாய்க்கும் ஒரே வயது என்றும் நான் சொல்லவில்லை. பெரிய ஜாதி நாய் என்றால் எலும்பு வளர்ச்சி முடியட்டும் என்பார்கள், உங்கள் டாக்டரையே கேளுங்கள்.

செவலை பிழைத்தாள். தையல் பிரித்த வாரமே அவள் மகளையும் கருத்தடைக்குக் கொண்டுபோனோம். காலையில் விட்டு, சாயங்காலம் கூட்டிவந்தோம். அன்றைக்கும் ஆட்டோக்காரர் “சீட்டுல ஏத்தாதீங்க சார்” என்றுதான் சொன்னார்.