ஃபோலிக் ஆசிட் மாத்திரையும் குடல் கேன்சரும்: உங்க கேள்விக்கெல்லாம் பதில்

ஃபோலிக் ஆசிட் பத்தி கேளுங்கன்னு சொன்னதும் இத்தன பேர் கேட்டிருக்கீங்க, சந்தோஷம். ஃபோலேட்ங்கறது ஒரு பி வைட்டமின், அதோட மாத்திரை வடிவம்தான் ஃபோலிக் ஆசிட். நான் பயோகெமிஸ்ட்ரி சொல்லிக்குடுக்கறவ, வைத்தியம் பாக்கற டாக்டர் இல்ல. அதனால ஒரு மாத்திரைய நிறுத்தறதும் தொடர்றதும் உங்க டாக்டர்கிட்ட பேசித்தான் செய்யணும்.

அக்கா, ஃபோலேட் கம்மியா இருந்தா குடல் கேன்சர் வரும்னு ஒருத்தர் சொல்றார், ஜாஸ்தியானா வரும்னு இன்னொருத்தர் சொல்றார். எத நம்பறது?

ரெண்டுலயும் விஷயம் இருக்கு தம்பி, எந்த நேரத்துலங்கறதுதான் வித்தியாசம். டிஎன்ஏவோட நாலு எழுத்துல ஒண்ணான தைமின செய்ய உடம்புக்கு ஃபோலேட் வேணும். அது பத்தலன்னா தைமின் இருக்க வேண்டிய எடத்துல யுராசில்னு டிஎன்ஏல இருக்கக் கூடாத ஒரு எழுத்து வந்து உக்காந்துக்கும், செல் அத வெட்டி எடுத்து சரி பண்ண பாக்கும், மறுபடி யுராசிலே வந்து சேரும், இப்படியே வெட்டி வெட்டி டிஎன்ஏ இழையே ஒடஞ்சு போகும். குடலோட உள்பக்கத் தோல் சில நாளுக்கு ஒரு தடவ புதுசா முளைக்கற எடம், அதனால இந்த மாதிரி பிழை அங்க சேர வாய்ப்பு ஜாஸ்தி. இது கம்மியா இருக்கறதோட கத. ஆனா ஏற்கனவே அங்க பாலிப் ஒண்ணு, அதாவது பிற்பாடு கேன்சரா மாறக்கூடிய சின்ன கட்டி, முளைச்சிருந்தா அது பெருகறதுக்கும் அதே ஃபோலேட்தான் வேணும். உரம் போட்டா நெல்லு மட்டுமா வளரும், களையும் சேந்துதான வளரும்.

எனக்கு 54 வயசு. கொலோனோஸ்கோபில (குடலுக்குள்ள குழாய் கேமரா விட்டு பாக்கற டெஸ்ட்) பாலிப் எடுத்தாங்க. கை கால் மரத்துப்போகுதுன்னு மெடிக்கல் ஷாப்ல குடுத்த 5 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட்ட தினமும் போடறேன். போடலாமா?

அண்ணா, உங்க கேள்விதான் எனக்கு ரொம்ப முக்கியமா படுது. உங்கள மாதிரியே பாலிப் எடுத்த 1021 பேர வச்சு அமெரிக்கால ஒரு ஆய்வு பண்ணாங்க, 2007ல முடிவு வந்துச்சு. பாதிப் பேருக்கு தினமும் 1 மில்லிகிராம் ஃபோலிக் ஆசிட், மீதிப் பேருக்கு மருந்தில்லாத மாத்திரை. பாலிப் திரும்ப வராம தடுக்கும்னு நம்பித்தான் ஆரம்பிச்சாங்க, ஆனா தடுக்கல. சில வருஷம் கழிச்சு ரெண்டாவது தடவ கொலோனோஸ்கோபி பண்ணப்ப முத்தின நிலை பாலிப் ஃபோலிக் ஆசிட் போட்டவங்கள்ல 11.6 சதவீதம், போடாதவங்கள்ல 6.9 சதவீதம். மூணும் அதுக்கு மேலயும் பாலிப் வந்தவங்களும் மாத்திரை போட்ட பக்கம்தான் அதிகம்.

இதுக்கு எதிர்ப்பக்கமும் இருக்கு, மறைக்கக் கூடாது. 2013ல 13 ஆய்வுகள ஒண்ணா சேத்து கிட்டத்தட்ட 50 ஆயிரம் பேர பாத்தாங்க, சராசரியா 5 வருஷம், குடல் கேன்சர் கூடவும் இல்ல குறையவும் இல்லங்கற மாதிரிதான் வந்துச்சு. அதனால பயந்து தூக்கம் கெட வேண்டாம். ஆனா நீங்க போடறது 5 மில்லிகிராம், பெரியவங்களுக்கு மாத்திரை வழியா போற ஃபோலிக் ஆசிட்டுக்கு அமெரிக்கால வச்சிருக்கற மேல்வரம்பே 1 மில்லிகிராம்தான். அதவிட எனக்கு கவலை உங்க மரத்துப்போறதுதான், அது பி12 குறைவா இருக்கலாம். ஃபோலிக் ஆசிட் பி12 குறைவால வர்ற ரத்தசோகைய மட்டும் சரி பண்ணி அந்தக் குறைவையே மறைச்சிடும், நரம்பு உள்ளுக்குள்ள கெட்டுக்கிட்டே போகும். டாக்டர்கிட்ட காட்டி பி12 டெஸ்ட் எடுங்க, இந்த வாரமே.

நான் ரெண்டு மாச கர்ப்பம். இதெல்லாம் படிச்சு பயந்து மாத்திரைய நிறுத்திட்டேன்...

இன்னைக்கே திரும்ப ஆரம்பிங்கம்மா. அடுத்த செக்கப்ல நடுவுல நிறுத்துனதையும் சொல்லிடுங்க. மேல சொன்னது பாலிப் வந்த நடுத்தர வயசுக்காரங்க விஷயம், உங்களுக்கு அது பொருந்தாது. குழந்தையோட மூளையும் தண்டுவடமும் உருவாகற குழாய் கரு உருவான முதல் 28 நாளுக்குள்ளயே மூடிடும், அதனாலதான் கர்ப்பத்துக்கு முன்னாடியே ஆரம்பிக்கச் சொல்றாங்க. அதுக்கப்பறமும் வளர்ற பிள்ளைக்கும் உங்க ரத்தத்துக்கும் அது தேவைதான்.

ரேஷன் அரிசில ஃபோலிக் ஆசிட் கலக்கறாங்களே, அது ஆபத்தா?

செறிவூட்டின அரிசி ஒரு கிலோல 75லேருந்து 125 மைக்ரோகிராம் வரைக்கும்தான் ஃபோலிக் ஆசிட். ஒரு ஆள் நாளைக்கு 300 கிராம் அரிசி சாப்பிட்டா 40 மைக்ரோகிராமுக்குள்ள அடங்கிடும். 5 மில்லிகிராம் மாத்திரைங்கறது 5000 மைக்ரோகிராம்! இத நெனச்சு பயப்படாதீங்க.

அப்பாவுக்கு பெருங்குடல் கேன்சர், கேபசிடபின் மாத்திரை போயிட்டிருக்கு. தெம்புக்கு மல்டிவிட்டமின் குடுக்கலாமா?

கேக்காம குடுத்துடாதீங்க. கேபசிடபின் உடம்புக்குள்ள போய் 5 எஃப்யூங்கற கேன்சர் மருந்தா மாறி, தைமின் செய்யற என்சைம பிடிச்சு நிறுத்திடும். ஃபோலேட் சேந்தா அந்தப் பிடி இன்னும் இறுகும், 5 எஃப்யூ ஊசியோட லூக்கோவோரின்னு ஒரு வகை ஃபோலேட்ட டாக்டர்களே சேத்து குடுக்கறது இதுக்காகத்தான். ஆனா அது அளந்து குடுக்கறது. வீட்ல நாமளா ஃபோலிக் ஆசிட் சேத்தா பக்கவிளைவு கடுமையாகலாம், வயித்துப்போக்கு, வாய்ப்புண்ணு எல்லாம். வீட்ல என்னென்ன குடுக்கறீங்களோ எல்லாத்தையும் எழுதி கேன்சர் டாக்டர்கிட்ட காட்டுங்க, சாதா டானிக் உட்பட.

மூட்டுவாதத்துக்கு வாரம் ஒரு தடவ மெத்தோட்ரெக்சேட், கூடவே ஃபோலிக் ஆசிட் எழுதியிருக்காங்க. நிறுத்தணுமா?

வேண்டாம், டாக்டர் சொன்ன கிழமைல சொன்ன அளவ போடுங்க. மெத்தோட்ரெக்சேட் ஃபோலேட்ட தடுக்கற மருந்து, அந்தக் குறைய ஈடுகட்டத்தான் இது. இந்த குடும்பத்து மருந்துங்க வந்ததுல சென்னைக்கும் ஒரு சொந்தம் இருக்கு. 1948ல பாஸ்டன்ல சிட்னி ஃபார்பர்ங்கற டாக்டர் ரத்தப் புற்றுநோய் வந்த குழந்தைங்களுக்கு அமினோப்டெரின்னு ஃபோலேட்ட தடுக்கற ஒரு மருந்த குடுத்து நோய கொஞ்ச காலம் அடக்கிக் காட்டினார். ஃபோலேட்ட தடுத்தா கேன்சர் செல் அடங்கும்ங்கறது அப்பதான் ஆஸ்பத்திரில நிரூபணமாச்சு. அந்த மருந்த செஞ்சு குடுத்த லெடர்லி மருந்து கம்பெனி குழுவோட தலைவர் எல்லாப்பிரகட சுப்பாராவ், மெட்ராஸ் மெடிக்கல் காலேஜ்ல படிச்சவர். அவர் பேரு நம்ம பசங்க பாடப் புத்தகத்துல வரணும்ங்கறது என் ஆசை.

கீரையிலேயே போதுமான ஃபோலேட் கெடைக்குமா?

கீரை, தட்டப்பயறு, பாசிப்பயறு, கொண்டக்கடலை, வேர்க்கடலைன்னு தினமும் ஏதாவது ரெண்டு இருந்தா நல்லாவே கெடைக்கும். ஆனா அது தண்ணில கரையற சத்து, கீரைய வேகவச்சு தண்ணிய கொட்டிட்டா பாதிக்கு மேல கூட போயிடலாம், அந்தத் தண்ணிய குழம்புல சேருங்க. தினமும் தண்ணி அடிக்கறவங்களுக்கு இதெல்லாம் சாப்பிட்டும் ஒட்டாது, ஆல்கஹால் ஃபோலேட் உறிஞ்சறதயே கெடுக்கும், அதோட ஆல்கஹாலே குடல் கேன்சருக்கு நேரடி காரணம்.

அம்மாவுக்கு 48 வயசுல குடல் கேன்சர் வந்துச்சு. எனக்கு இப்ப 36. ஃபோலேட் லெவல் டெஸ்ட் எடுக்கவா?

அத எடுத்தா கேன்சர் வருமா வராதான்னு தெரியாதும்மா. உங்களுக்கு தேவை கொலோனோஸ்கோபி. பெத்தவங்களுக்கோ கூடப்பொறந்தவங்களுக்கோ வந்திருந்தா 40 வயசுல, இல்ல அவங்களுக்கு வந்த வயசுக்கு 10 வருஷம் முன்னாடி, எது முந்தி வருதோ அப்ப ஆரம்பிக்கணும்ங்கறது பொதுவான வழிகாட்டுதல். உங்க கணக்குல 38. அதுக்கு முன்னாடியே மலத்துல ரத்தம் வந்தா மூலம்னு நீங்களா முடிவு பண்ணாம உடனே போய் காட்டுங்க.