துவர்க்கும் சைடர் கெட்டுப்போன சைடரா?

கேள்வி: எங்கள் பகுதியில் ஒரு சிறு தோட்டக்காரர் பாரம்பரிய ஆப்பிள் ரகங்களை வைத்து ஹார்ட் சைடர், அதாவது ஆப்பிள் சாற்றை நொதிக்கவிட்டுச் செய்யும் மதுபானம், தயாரிக்கிறார். நண்பர்கள் புகழ்ந்தார்களே என்று நான்கு பாட்டில் வாங்கி வந்தேன். முதல் பாட்டிலிலேயே ஏமாற்றம். துளி இனிப்பில்லை. புளிக்கிறது, நாக்கைப் பிடித்து இழுக்கிறது, பழைய தோல் பை போல ஒரு வாசனை வேறு. கலங்கலாக இருக்கிறது, அடியில் மண்டி. டின்னில் வரும் சைடரை நான் விரும்பிக் குடிப்பேன். இது கெட்டுவிட்டதா, இல்லை எனக்குத்தான் ரசிக்கத் தெரியவில்லையா? மீதி மூன்று பாட்டிலை என்ன செய்வது?

பதில்: முதலில், மூன்றையும் கொட்டிவிடாதீர்கள். நீங்கள் சொல்லும் அறிகுறிகளில் ஒன்றுகூடக் கெட்டுப்போனதற்கான அடையாளம் இல்லை. போதை கலந்த ஆப்பிள் ஜூஸ் என்று நினைத்து வாய் வைத்திருக்கிறீர்கள். காபி என்று நினைத்துத் தேநீரைக் குடித்தால் எந்தத் தேநீரும் மோசமாகத்தான் இருக்கும்.

இனிப்பு எங்கே போனது என்றால், ஈஸ்ட் தின்றுவிட்டது. பிழிந்த ஆப்பிள் சாற்றில் லிட்டருக்கு 100 கிராமுக்கு மேலேயே சர்க்கரை இருக்கும். ஈஸ்ட் அதைத் தின்றுதான் ஆல்கஹாலை உண்டாக்குகிறது. யாரும் தடுக்காவிட்டால் அனேகமாக முழுவதையும் தின்று தீர்த்துவிடும். கடைசியில் கிடைப்பது 6, 7 சதவீத ஆல்கஹாலும் துளி இனிப்பும் இல்லாத ஒரு பானம். டின் சைடர் இனிப்பது, பெரும்பாலும் நொதித்து முடிந்தபின் சர்க்கரையோ சாறோ சேர்ப்பதால். தண்ணீரும் சேரும். பிரிட்டனின் வரிச் சட்டப்படி 35 சதவீதம் ஆப்பிள் சாறு இருந்தாலே அது சைடர்தான். அதைக் குடிப்பதில் தப்பே இல்லை. வெயில் நாளில் நானும் குடிப்பேன். ஆனால் அதை அளவுகோலாக வைத்து உங்கள் தோட்டக்காரரின் பாட்டிலை அளக்க முடியாது.

அடுத்தது, நாக்கைப் பிடித்து இழுப்பது. இதற்கு நம்மிடம் அருமையான சொல் இருக்கிறது: துவர்ப்பு. அறுசுவையில் ஒன்றாகவே அதை வைத்திருக்கிறோம். ஆங்கிலத்தில் சைடர் பற்றி எழுதுபவர்கள் இதைப் பாதி நேரம் கசப்புக் கணக்கில் சேர்த்துவிடுகிறார்கள். குடிப்பவர்களோ 'டிரை' என்பதோடு குழப்பிக்கொள்கிறார்கள். டிரை என்றால் சர்க்கரை இல்லை என்று மட்டும்தான் பொருள். ஈறிலும் கன்னத்தின் உட்புறத்திலும் ஒட்டிக்கொண்டு வாயை உலர்த்துவது பழத்திலுள்ள டானின் என்ற துவர்ப்புப் பொருளின் வேலை. பால் சேர்க்காத தேநீரை அதிக நேரம் கொதிக்கவிட்டால் வருமே, அதே பிடிப்பு.

ஒருமுறை ஒரு சைடர் தோட்டத்தில், புல்லில் கிடந்த சிறிய ஆப்பிள் ஒன்றை எடுத்துச் சட்டையில் துடைத்துக் கடித்தேன். முதல் நொடி நல்ல தித்திப்பு. இரண்டாவது நொடியில் பஞ்சை அடைத்த மாதிரி வாய் வறண்டு, துப்ப எச்சில்கூட இல்லை. கடித்த இடம் பார்க்கும்போதே பழுப்பாகிக்கொண்டிருந்தது. தோட்டக்காரர் சிரித்தார். அமெரிக்காவில் இந்த மாதிரிப் பழங்களுக்கு 'ஸ்பிட்டர்' என்றே பெயர், துப்ப வைக்கும் பழம் என்று. சாப்பிட லாயக்கில்லாத அந்தப் பழத்தில்தான் நல்ல சைடரின் உடம்பு இருக்கிறது. சர்க்கரை போன பிறகு வாயில் நிற்பதற்கு ஏதாவது வேண்டுமே! சாப்பிடும் ஆப்பிளை மட்டும் நொதிக்கவிட்டால் பல நேரம் மெலிந்த, புளித்த தண்ணீர் போலத்தான் இருக்கும்.

இங்கிலாந்தின் லாங் ஆஷ்டன் ஆராய்ச்சி நிலையத்தில் 1903-இல் சைடர் ஆப்பிள்களை நான்காகப் பிரித்தார்கள். சாற்றில் டானின் 0.2 சதவீதத்தைத் தாண்டினால் துவர்ப்புப் பக்கம், அமிலம் 0.45 சதவீதத்தைத் தாண்டினால் புளிப்புப் பக்கம். இரண்டும் உண்டு, இரண்டும் இல்லை என்று மற்ற இரண்டு. இங்கிலாந்தின் சாமர்செட்டைச் சேர்ந்த கிங்ஸ்டன் பிளாக் என்ற ரகத்தில் புளிப்பும் துவர்ப்பும் சேர்ந்தே இருப்பதால், வேறு ரகம் கலக்காமலே நல்ல சைடர் தரும் என்று பெயர் வாங்கியது. டாபினெட் என்ற ரகத்தில் துவர்ப்பு மட்டும், புளிப்பு குறைவு.

இங்கே ஒரு விஷயம். பாரம்பரிய ரகம் என்றாலே துவர்க்கும் என்று எண்ண வேண்டாம். கோல்டன் ரஸ்ஸெட், ஆஷ்மீட்ஸ் கெர்னல் போன்றவை சொரசொரப்பான பழுப்புத் தோல் கொண்ட, அப்படியே கடித்துத் தின்னக்கூடிய பழங்கள். அவற்றின் சைடர் புளிப்பும் மணமுமாக, கிட்டத்தட்ட வெள்ளை ஒயின் போல வரும். அதனால் அடுத்த முறை போகும்போது தோட்டக்காரரிடம் என்னென்ன ரகம் என்று கேளுங்கள். இந்தக் கேள்விக்காகவே காத்திருப்பவர்கள் அவர்கள். ஒரு மணி நேரம் ஒதுக்கிக்கொண்டு போங்கள்.

அவர்கள் அப்படிப் பேசுவதற்குக் காரணம் இருக்கிறது. ஆப்பிள் விதையை நட்டால் தாய் மரத்தின் பழம் கிடைக்காது. வேறு ஏதோ ஒன்று முளைக்கும். ஒரு ரகம் பிழைக்க வேண்டுமென்றால் தலைமுறைதோறும் யாராவது கிளை வெட்டி ஒட்டுக்கட்டியாக வேண்டும். விட்டால் போச்சு. நியூ ஜெர்சியின் ஹாரிசன் ஆப்பிள் ஒரு காலத்தில் சைடருக்குப் பேர்போனது. பிறகு அழிந்தே போனது என்று நினைத்திருந்தார்கள். 1976-இல் லிவிங்ஸ்டன் என்ற ஊரில், பழைய சைடர் ஆலை ஒன்றின் அருகே ஒரு முதிய மரம் கிடைத்தது. கிளை எடுத்து ஒட்டுக்கட்டினார்கள். இன்று அந்தச் சைடரை வாங்கிக் குடிக்க முடிகிறது.

சரி, உங்கள் சந்தேகங்களுக்கு வருவோம். அடியில் இருக்கும் மண்டி ஈஸ்ட்தான். பாட்டிலுக்குள்ளேயே கொஞ்சம் நொதித்து நுரை பிடிக்க விட்டிருப்பார்கள். குடித்தால் ஒன்றும் ஆகாது. பிடிக்கவில்லையென்றால் ஒரு நாள் நிமிர்த்தி வைத்து, நிதானமாக ஊற்றி, கடைசி இரண்டு விரல் அளவை விட்டுவிடுங்கள். தோல் பை வாசனை துவர்ப்பு ரகங்களில் பாக்டீரியாவோ சில வகை ஈஸ்ட்டோ வேலை செய்யும்போது வருவது. லேசாக இருந்தால் பலர் அதை விரும்பியே தேடுவார்கள். மற்ற மணத்தையெல்லாம் அமுக்கினால் எனக்கும் பிடிக்காது. திறந்ததும் அழுகிய முட்டை வாடை அடித்தால் கிளாஸில் ஊற்றிச் சுழற்றிவிட்டுப் பத்து நிமிடம் பொறுங்கள், பெரும்பாலும் பறந்துவிடும்.

உண்மையிலேயே கெட்டது எது? மூக்கில் ஏறும் வினிகர் நெடி ஒன்று. இன்னொன்று கொஞ்சம் தந்திரமானது: முகர்ந்தால் தெரியாது, விழுங்கிச் சில நொடி கழித்துத் தொண்டையருகே எலிக்கூண்டு நாற்றம் எழும். இந்த இரண்டில் எது வந்தாலும் தயங்காமல் திருப்பிக் கொடுங்கள். சிறு தயாரிப்பாளர் பாவம் என்று விழுங்கிவைக்க வேண்டியதில்லை.

குடிக்கும் முறையில் நீங்கள் செய்திருக்கக்கூடிய ஒரே தவறு, நடுங்கும் குளிரில் குடித்தது. அதிகக் குளிர் மணத்தை அடக்கி, துவர்ப்பைத் தூக்கிக் காட்டும். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்து இருபது நிமிடம் வெளியே வையுங்கள். 10, 12 டிகிரி போதும். ஒயின் கிளாஸில் கால் பங்கு ஊற்றுங்கள். முதல் வாயை வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள், நாக்கு அதிர்ச்சியில் இருக்கும். மூன்றாவது வாயில்தான் ஆப்பிள் தலைகாட்டும், அதுவும் பழமாக இல்லாமல் தோலாக, சில நேரம் தேனாக. அப்புறம், இது சாதாரண பீரை விடக் கொஞ்சம் வீரியமானது, அதனால் பீர் கணக்கில் குடிக்க வேண்டாம். வண்டி ஓட்டும் நாளில் தொடவே வேண்டாம்.

இத்தனைக்குப் பிறகும் இனிப்புதான் வேண்டும் என்றால், அதற்கும் ஒரு நேர்மையான வழி உண்டு. பிரான்ஸின் நார்மண்டியிலும் பிரிட்டனியிலும் சாற்றிலுள்ள பெக்டினை (ஜாமைக் கெட்டியாக்கும் அதே பொருள்) பழுப்பு ஏடாகத் திரண்டு மேலே மிதக்க வைத்து, கீழே தெளிந்ததை மட்டும் தனியே எடுப்பார்கள். ஈஸ்ட்டுக்கு வேண்டிய சத்தில் ஒரு பகுதி அந்த ஏட்டோடு போய்விடும். பட்டினி கிடக்கும் ஈஸ்ட் மெதுவாக வேலை செய்து பாதியில் படுத்துவிடும்; பழத்தின் சொந்தச் சர்க்கரை மிஞ்சும், ஆல்கஹாலும் குறைவாக இருக்கும். உங்கள் தோட்டக்காரர் அப்படி ஏதாவது செய்கிறாரா என்று கேட்டுப் பாருங்கள்.

மூன்று பாட்டிலில் ஒன்றை இந்த வாரம் நான் சொன்னபடி திறங்கள். இரண்டாவதை, உங்களுக்குப் பிடித்த டின் சைடரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு மாறி மாறிக் குடித்துப் பாருங்கள். மூன்றாவதை வெளிச்சம் படாத குளிர்ந்த இடத்தில் நிமிர்த்தி வைத்து, அடுத்த அறுவடைச் சைடர் வரும்வரை மறந்துவிடுங்கள். நன்றாகத் துவர்க்கும் சைடருக்கு ஒரு வருடம் நல்லதுதான் செய்யும். புதுசும் பழசும் கையில் இருக்கும் அன்று எனக்கு இன்னொரு கடிதம் போடுங்கள்.