ஜேர்மனியிலிருந்து வந்த வானொலி மணிக்கூடு திருகோணமலையில் ஏன் நேரம் பிடிப்பதில்லை?

ஜேர்மனியிலிருந்து சித்தி கொண்டுவந்த சுவர் மணிக்கூடு, பற்றரி போட்டதும் முட்களைச் சுழற்றிப் பன்னிரண்டில் கொண்டுபோய் நிறுத்திவிட்டு அப்படியே நிற்கிறது என்றும், யன்னலோரத்திலும் மொட்டைமாடியிலும் வைத்துப் பார்த்தும் பயனில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். உவர்மலையில் எங்கள் வீட்டுச் சுவரிலும் அத்தகைய ஒன்று தொங்குவதால் இதற்குப் பதில் எழுதுகிறேன்.

மணிக்கூட்டைப் பழுது என்று ஒதுக்கிவிட வேண்டாம். இது வானொலிச் சமிக்ஞையைப் பிடித்துத் தானாகவே நேரத்தைச் சரிசெய்துகொள்ளும் வகை. அது தேடுவது, பிராங்பேர்ட்டுக்கு அண்மையிலுள்ள மைன்பிளிங்கனிலிருந்து 77.5 கிலோஹேர்ட்ஸில் வரும் டீ.சீ.எஃப்.77 என்ற நேரச் சமிக்ஞையை. அது ஏறத்தாழ 2000 கிலோமீற்றர் வரை எட்டக்கூடியது. திருகோணமலையோ அங்கிருந்து சுமார் 8000 கிலோமீற்றர் தள்ளியிருக்கிறது. ஜேர்மன் வானொலியின் அஞ்சல் நிலையமே நம் ஊரில் இருந்ததே என்று சிலர் கேட்கக்கூடும். அது சிற்றலையில் நிகழ்ச்சிகளை அஞ்சல் செய்த நிலையம். இந்த நெட்டலைச் சமிக்ஞைக்கும் அதற்கும் தொடர்பில்லை. சீனாவும் ஜப்பானும் இதுபோன்ற சமிக்ஞைகளை அனுப்பினாலும், அவையும் நமக்கு நாலாயிரம் கிலோமீற்றருக்கு அப்பால்தான். ஆகவே, மணிக்கூட்டைத் திருப்பி வையுங்கள், எல்.ஈ.டி. விளக்குக்கும் சார்ஜருக்கும் அருகில் வைக்காதீர்கள் என்று கையேடு கூறுவது ஐரோப்பிய வீடுகளுக்கே பொருந்தும்.

மணிக்கூட்டினுள் சமிக்ஞையைப் பிடிக்கும் ஏற்பி உயிரோடிருக்கிறதா என்பதைக் கைத்தொலைபேசியைக் கொண்டே அறியலாம். டீ.சீ.எஃப்.77 சமிக்ஞையைப் போலியாக உருவாக்கும் செயலிகள் இருக்கின்றன. தொலைபேசியால் 77.5 கிலோஹேர்ட்ஸை நேரடியாக எழுப்ப முடியாது, ஆனால் 15.5 கிலோஹேர்ட்ஸ் ஒலியை முழுச் சத்தத்தில் எழுப்பும்போது அதன் ஐந்து மடங்கு மீடிறனும் மெல்லிதாகக் கலந்து வரும், இயர்போன் வயரிலிருந்து கசியும் அந்தச் சிறு காந்தப்புலமே மணிக்கூட்டினுள் அன்ரெனாவாக இருக்கும் பெரைற் கோலுக்குப் போதும். வயரை இரண்டு மூன்று சுற்றுச் சுற்றி, பின்புறக் கறுப்புப் பெட்டியின் மீது ஒட்டினாற்போல் வையுங்கள். ஒரு விரற்கடை விலகினாலும் பிடிக்காமற் போகலாம். ஒரு முழு நேரத்தகவல் வந்துசேர ஒரு நிமிடம் எடுக்கும், மணிக்கூடு அடுத்தடுத்த தகவல்களை ஒப்பிட்டுப் பார்த்த பின்னரே நம்பும் என்பதால், சில நிமிடங்கள் தொலைபேசியைத் தொடாமல் விட்டுவிடுவது நல்லது. செயலியில் இலங்கை நேரத்தைத் தெரிவுசெய்ய முடியுமாயின் கட்டாயம் தெரிவுசெய்யுங்கள்; இல்லாவிட்டால் முட்கள் ஜேர்மன் நேரத்தையே காட்டும், இலங்கை நேரத்திலுள்ள அரை மணி வித்தியாசத்தை ஏற்கும் வசதியும் இத்தகைய மணிக்கூடுகளில் பெரும்பாலும் இருப்பதில்லை.

இவ்வளவு பாடுபட விருப்பமில்லையென்றால், பின்புறத்தில் 'எம். செற்' என்று எழுதிய பொத்தான் இருக்கிறதா என்று பாருங்கள். அதைச் சில வினாடிகள் அழுத்திப் பிடித்தால், அந்தப் பொத்தானைக் கொண்டே முட்களை நகர்த்தலாம். அதன்பின் அது சாதாரண குவார்ட்ஸ் மணிக்கூடாக ஓடும், மாதத்துக்குச் சில வினாடிகள் முன்பின்னாகும், அவ்வளவுதான். இரவில் சமிக்ஞை தேடுவதை நிறுத்தும் வசதி இருந்தால் அதையும் நிறுத்திவிடுங்கள், பற்றரி வீணாகாது.