நடுவில் பிளந்த கண்ணாடி

கேள்வி: 1963 கார்வெட் ஸ்டிங்ரே காரின் பின்கண்ணாடி ஏன் இரண்டாகப் பிளந்திருக்கிறது? அடுத்த ஆண்டே அதை ஏன் மாற்றினார்கள்?

பதில்: பில் மிட்செலின் பிடிவாதம்தான் காரணம். அந்தக் காரைத் தயாரித்த ஜெனரல் மோட்டார்ஸின் அப்போதைய வடிவமைப்புத் தலைவர் அவர். கூரையின் நடுவில் தொடங்கி வால்வரை இறங்கும் முதுகெலும்புக் கோடு கண்ணாடியில் அறுபடக் கூடாது என்பது அவர் கட்சி. பின்னால் வரும் வண்டி ஓட்டுநருக்குத் தெரிய வேண்டாமா என்று மல்லுக்கு நின்றார் பொறியாளர் ஜோரா ஆர்கஸ்-டன்டோவ். ஓராண்டு மிட்செல் வென்றார். 1964-இல் ஒற்றைக் கண்ணாடி வந்துவிட்டது.

வடிவத்தின் வேர் 1957-இல் அந்நிறுவன வடிவமைப்பாளர் பீட்டர் பிராக் வரைந்த ஓவியங்களில் இருக்கிறது. அவற்றிலிருந்து மிட்செல் 1959-இல் ஒரு பந்தயக் கார் செய்தார். அதைச் சாலைக்கு ஏற்றபடி செதுக்கியவர் லாரி ஷினோடா. சுழன்று மறையும் முகப்பு விளக்குகளும் கத்திமுனை போன்ற பக்கவாட்டு மடிப்பும் இன்றும் என்னைக் கட்டிப்போடுகின்றன.

ஓட்டுவதற்கு டன்டோவ் சொன்னதுதான் சரி. ஆனாலும் அந்தக் கோடு அறுபடாத 1963 கூப்பேதான் (நிலையான கூரை கொண்ட இருகதவு வண்டி) எனக்கு அழகு. அன்று சில உரிமையாளர்கள் நடுச்சட்டத்தை வெட்டிவிட்டுப் புதுக் கண்ணாடி பொருத்தினார்கள். வெட்டுப்படாத வண்டிகளைத்தான் சேகரிப்பாளர்கள் இப்போது தேடுகிறார்கள்.